செத்த குதிரையின் பாஸ்போர்ட்

நுவாலா மேசை இழுப்பறையை உருவித் தரையில் கவிழ்த்தாள். ரசீதுகள், தீர்ந்துபோன பேட்டரிகள், யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த மெழுகுவத்தி. இரண்டாவது இழுப்பறையையும் கவிழ்த்தாள். முற்றம் வரை சத்தம் கேட்கட்டும் என்று கொஞ்சம் ஓங்கியே கவிழ்த்தாள்.

வீட்டில் இருந்த ஒரே குதிரைப் பாஸ்போர்ட் அவள் மழைக்கோட்டின் உள்பையில் இருந்தது.

"கெடச்சுதா?" ஜன்னலில் மலாக்கியின் தலை தெரிந்தது. முப்பது வருஷத்துக் கணவன். நனைந்த தொப்பியிலிருந்து மூக்கில் தண்ணீர் சொட்டியது.

"தேடிட்டுத்தான இருக்கேன்."

"ஊர்ல இருக்கற அத்தன குதிரையோட பாஸ்போர்ட்டும் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். நம்ம வீட்டுது மட்டும் தெரியாதா?"

"போய் மிஸ்டியப் பாரு, மலாக்கி."

லாயத்தில் மிஸ்டி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பதினோரு வயதுச் சாம்பல் நிற மட்டக்குதிரை. காலை ஆறு மணிக்குத் தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது, ஏழு மணிக்குச் சுவரை உதைத்தது. கால்நடை டாக்டர் ஓர்லா வந்து, தோள் வரை உறை மாட்டிக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கால்வே நகருக்கு அப்பால் இருக்கிற குதிரை ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் வயிற்றைத் திறந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நுவாலா அழுதிருப்பாள், அவ்வளவுதான். ஓர்லா நிறுத்தவில்லை.

"பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வாங்க, நுவாலா. மருந்துப் பக்கத்தப் பாக்காம நான் பெரிய ஊசி எதுவும் போட முடியாது. வலி அடங்காம இத லாரியில நிக்க வெக்கவும் முடியாது."

மருந்துப் பக்கம் என்னவென்று நுவாலாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் குதிரை ஒருநாளும் இறைச்சிக்குப் போகாது என்று உரிமையாளர் கையெழுத்துப் போடுகிற பக்கம். அது இருந்தால் டாக்டருக்குக் கை தாராளம். அது இல்லையென்றால் நாளைக்கு யார் தட்டிலோ விழப்போகிற விலங்கு என்று எண்ணித்தான் மருந்து கொடுக்க வேண்டும். மட்டக்குதிரைச் சங்கத்தின் செயலாளராக இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் அவள் ஊருக்கு ஓதிக்கொண்டிருந்தாள். குதிரை எங்கே போனாலும் பாஸ்போர்ட்டும் கூடவே போக வேண்டும். வாங்கினால் முப்பது நாளுக்குள் உரிமையாளர் பேரை மாற்ற வேண்டும். செத்தாலும் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவளுக்கு ஊர் வைத்த பேரே பாஸ்போர்ட் நுவாலா.

முந்தைய டாக்டர் கிழவர் அவளிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டதே இல்லை. "போப்பாண்டவர்கிட்டயே போய் ஞானஸ்நானச் சீட்டு கேக்கறதா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நாலு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஓர்லா வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்குப் போப்பாண்டவரும் ஒன்றுதான், பால்காரனும் ஒன்றுதான்.

மலாக்கி மறுபடி ஜன்னலுக்கு வந்தான். "நம்ம டிரெய்லர் அச்சு ஒடஞ்சு கெடக்கே. கோல்மனக் கூப்பிட்டேன். பத்து நிமிஷத்துல வந்துடுவான்."

நுவாலாவின் கை அப்படியே நின்றது. "கோல்மனையா? வேற ஆளே கெடைக்கலையா?"

"செவ்வாக்கிழமை காலைல லாரியோட சும்மா இருக்கறவன் வேற எவன்? பழச இன்னும் விடலையா நீ?"

பழசை விடுவதா. பழசு அவள் கோட்டுப் பையில் கனத்துக்கொண்டிருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட் திங்கட்கிழமை மிஸ்டியின் தாய் சில்வர் செத்துப்போனது. செத்த கால்நடைகளை எடுத்துப்போய், பாஸ்போர்ட்டை அலுவலகத்துக்கு அனுப்புகிற வேலை கோல்மனுடையது. அழுத கண்ணோடு நுவாலா இழுப்பறையிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவனும் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டான். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பச்சை அட்டை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் குதிரைக் காட்சி. வாசலில் நுவாலா, கையில் மைக். கோல்மனின் மகள் மேவ், ஒன்பது வயது, முதல் போட்டி, ஜடையில் நீல ரிப்பன், பக்கத்தில் மினுக்கித் துடைத்த மட்டக்குதிரை. பாஸ்போர்ட் எங்கே என்று நுவாலா கேட்டாள். கோல்மன் கோட்டுக்குள் கை விட்டான். பச்சை அட்டை ஒன்றைப் பாதி வெளியே இழுத்தான், பார்த்தான், காது வரை சிவந்தான், மறுபடி உள்ளே தள்ளினான்.

அது ஒன்று போதாதா அவளுக்கு? மைக்கைக்கூட வாயிலிருந்து விலக்கவில்லை. "வேற ஏதோ குதிரையோட பாஸ்போர்ட்டக் காட்டி என்ன ஏமாத்தலாம்னு நெனைக்காத கோல்மன். வண்டியத் திருப்பு." மைதானம் முழுக்கக் கேட்டது. யாரோ கைகூடத் தட்டினார்கள். மேவ் அழவில்லை. ரிப்பனை மட்டும் அவிழ்த்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

காட்சிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நுவாலா இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இருந்தது சில்வரின் பாஸ்போர்ட்.

அப்படியானால் கோல்மனிடம் கொடுத்தது மிஸ்டியுடையது. இந்நேரம் அவன் அனுப்பியிருப்பான், அலுவலகத்தில் மிஸ்டியின் பேரைச் செத்த கணக்கில் அடித்திருப்பார்கள். ஒரு போன் போட்டு, "அனுப்பிட்டியா கோல்மன்?" என்று கேட்டால் போதும். இரண்டு தரம் ரிசீவரைக் கையில் எடுத்தாள். அந்த ரிப்பன் கண்முன் வந்தது. வைத்துவிட்டாள். ஒரு வாரம் தள்ளிப் பேசலாம் என்று நினைத்தாள். ஒரு வாரம் மௌனமாக இருந்துவிட்டால், அடுத்த வாரம் பேச இரண்டு மடங்கு தைரியம் வேண்டியிருக்கிறது. மிஸ்டிக்குக் கால் சரியில்லை என்று ஊரில் சொல்லி, எந்தக் காட்சிக்கும் கொண்டுபோகாமல் நிறுத்தினாள்.

லாரி முற்றத்தில் திரும்புகிற சத்தம் கேட்டது.

"நுவாலா!" ஓர்லாவின் குரலில் இப்போது மரியாதை குறைந்திருந்தது. "இருபது நிமிஷம் ஆச்சு. தேடுறீங்களா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

நுவாலா வெளியே வந்தாள். மழை சாய்வாக அடித்தது. மிஸ்டி வியர்த்து நனைந்து, மலாக்கி பிடித்த கயிற்றில் தள்ளாடி நின்றது. கோல்மன் லாரியின் பின்கதவை இறக்கிக்கொண்டிருந்தான். முடி நரைத்துவிட்டிருந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை.

"இது செத்ததுங்கள ஏத்தற வண்டி இல்லயேப்பா?" மலாக்கி கேட்டான்.

"அந்த வண்டி வீட்ல நிக்குது. அதுல ஏறினா யாரும் இப்படி ஒதைக்க மாட்டாங்க."

ஓர்லா கழுத்தருகே கருவியைப் பிடித்தாள். தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பின் எண் திரையில் வந்தது. இன்னொரு கையை நீட்டினாள். நுவாலா பச்சைப் புத்தகத்தை அதில் வைத்தாள். வைக்கிற கணத்தில்கூட, எண்ணைப் பார்க்காமல் மருந்துப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட மாட்டாளா என்று ஒரு அற்ப ஆசை.

ஓர்லா எண்ணைத்தான் முதலில் பார்த்தாள். "இது ஒத்துப்போகல. வயசும் ஒத்துப்போகல. யாரோட பாஸ்போர்ட் இது?"

மிஸ்டி முன்னங்கால்களை மடித்துச் சேற்றில் விழப் பார்த்தது. மலாக்கி தோளைக் கொடுத்துத் தாங்கினான். தெரியவில்லை, அச்சுப்பிழையாக இருக்கும் என்று சொல்ல நுவாலாவின் வாய் தயாராகவே இருந்தது. குதிரையின் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி தெரிந்தது.

"இவளோட அம்மாவோடது," என்றாள். "அஞ்சு வருஷம் முன்ன செத்தது. தவறிப்போய் உயிரோட இருக்கறவளோட பாஸ்போர்ட்டக் குடுத்துட்டேன். ஆபீஸ் கணக்குல மிஸ்டி செத்தாச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல."

"நுவாலா," என்றான் மலாக்கி.

"இப்பக்கூட தேடல. சும்மா தேடற மாதிரி நடிச்சேன்."

பார்க்க வேறு இடம் கிடைக்காமல் அவள் தன் பூட்ஸையே பார்த்தாள். ஊரெல்லாம் பிடித்துத் திட்டிய குற்றம், சொந்த இழுப்பறையில் ஐந்து வருஷம்.

கோல்மன் லாரியின் முன்கதவைத் திறந்தான். இருக்கைக்கு அடியிலிருந்து, ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையில் சுற்றிய எதையோ எடுத்தான். நேரே ஓர்லாவிடம் கொடுத்தான்.

"இந்த நம்பரப் பாரும்மா."

ஓர்லா பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பக்கங்களைப் புரட்டினாள். "மிஸ்டி. எண் சரி. இறைச்சிக்கு இல்லைன்னு கையெழுத்தும் இருக்கு." ஊசியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். "யாரும் அனுப்பவே இல்லையே இத?"

"நான் அனுப்பல," என்றான் கோல்மன். "செத்ததோட சிப்ப எங்க யார்டுல பாத்தாங்க. அதோட நம்பர எழுதி அனுப்பியாச்சு. ஆபீஸ் கணக்குல செத்தது சில்வர்தான். மிஸ்டியோட புக்கு மட்டும் என்கிட்ட மிச்சம்."

மருந்து இறங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மிஸ்டியின் தலை தாழ்ந்தது, மூச்சு சீரானது, கால்கள் உறுதியாயின. தானே நடந்து லாரியில் ஏறியது. ஓர்லா தன் காரில் முன்னால் கிளம்பினாள். நுவாலா முன் இருக்கையில் ஏறினாள்; மலாக்கி அவளோடு ஏறாமல் பின்னால் குதிரையோடு நிற்கப் போனான். அவள் கூப்பிடவில்லை.

லாரி ஏரிக்கரைச் சாலையில் போனது. பின்னால் குளம்பு மாற்றி வைக்கிற சத்தம் அவ்வப்போது வந்தது. நிற்கிறாள். மிஸ்டி இன்னும் நிற்கிறாள்.

"மணி பத்தேகால்," என்றான் கோல்மன். "போய்ச் சேந்துடுவோம்."

"என்ன ஏன் காட்டிக்குடுக்கல நீ? ஒரு போன் போட்டிருந்தா செயலாளர் பதவியே போயிருக்கும்."

"மொதல்ல கோவம். நீயே வந்து கேக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் வருஷம் ஓடிடுச்சு. இவ்ளோ நாள் வெச்சிருந்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுன்னு எனக்கும் வெக்கம். இன்னிக்கு மலாக்கி போன்ல அழுதான். எடுத்துட்டு வந்துட்டேன்."

"கோவம் வர்றதுக்கு முன்னாடி? கையில கெடச்ச ஒடனே கொண்டு வந்திருக்கலாமே, கோல்மன்."

கோல்மன் கியரை மாற்றினான்.

"கொண்டு வந்தேனே."

"எப்ப?"

"சனிக்கிழம சாயங்காலம்தான் தப்பக் கண்டுபிடிச்சேன். மறுநாள் காட்சி. வாசல்ல உன் கைல கமுக்கமா குடுத்துட்டா யாருக்கும் தெரியாது, உனக்கும் கேவலம் இல்லன்னு நெனச்சேன். காலைல மேவ் ஒரே அவசரம். அடுப்பங்கரை அலமாரியில ரெண்டு பச்சப் புக்கு பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ரெண்டயும் எடுத்தேன்னுதான் நெனப்பு. வாசல்ல கைய விட்டப்பதான் பாத்தேன்."

மழை கண்ணாடியில் வழிந்தது. துடைப்பான் ஒரு தரம் போய்வந்தது.

"மேவோடது வீட்லயே நின்னுபோச்சு. என் கோட்டுல இருந்தது உன்னோடது."