யாரிடமிருந்து யாருக்கு

நடுராத்திரியில் வீட்டை ஒட்டிய பட்டறையில் வெளிச்சம் தெரிய, பீப்பி எழுந்து போய்ப் பார்த்தாள். அப்பா தூங்கவில்லை. கதிர்வீச்சு வைத்தியம் எடுத்ததிலிருந்து அவர் வாயில் எச்சில் ஊறுவதில்லை. தொண்டை காய்ந்து விழிப்பு வந்துவிடும். விழித்த மனிதர் சும்மா இருப்பாரா? கடைப் பலகைக்கு நியான் விளக்கு எழுத்து வளைக்கும் வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைக்கும்போது, அதில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக மெல்ல ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவு அமுங்கிச் சப்பையாகிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்பா வளைக்க, அவள் ஊதுவாள். பீப்பி என்ற பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவர் வாயிலிருந்த ரப்பர் அவள் வாய்க்கு வரும், மறுபடி அவருக்குப் போகும். யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

“நல்ல நேரத்துல வந்த. உதடெல்லாம் வெடிச்சிருக்கு, ரப்பர் நிக்க மாட்டேங்குது. ஒரே ஒரு எழுத்து, ஊதிக் கொடு.”

“எனக்குத் தூக்கம் வருது.”

“தூக்கம் வர்றவ இங்க எதுக்கு வந்து நிக்கற, மகாராணி?”

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் நகராமல் நிற்கவும் முகம் சுருங்கியது. ரப்பரின் நுனியைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“அருவருப்பா இருந்தா வேண்டாம்மா.”

அருவருப்பா? தன் தட்டையும் டம்ளரையும் பீப்பி தனியாக ஒதுக்கி வைத்தது அதற்காகவா? போன வருடம் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டி, வாரக்கணக்கில் காய்ச்சல். எச்சில் வழியாகப் பரவும் வைரஸ், யார் டம்ளரையும் தொடாதே என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே அவசர வேலை என்று அப்பா கூப்பிட, அவள் போய் ஊதினாள். சில மாதங்களில் அப்பா கழுத்தில் கட்டி, ஒரு காது அடைப்பு. மூக்குக்குப் பின்னால் புற்றுநோய் என்றார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பதாகப் பெரிய டாக்டர் சொன்ன வைரஸும், அவளுக்கு வந்ததும் ஒன்றேதான். இன்னும் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் ஒதுங்கினாள்.

அவரது அடைத்த காதுப் பக்கமாகப் போய் நின்றாள்.

“அது நான் கொடுத்ததுப்பா,” என்றாள், சத்தமே வராமல்.

அப்பா தீயைத் தணித்தார். “செவிட்டுக் காதுல சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? உதடு அசையறதுதான் தெரியுது. இந்தப் பக்கம் வா.”

வந்தாள். காய்ச்சல், டம்ளர், ரப்பர் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “பைத்தியமே! அந்த வைரஸ் கிட்டத்தட்ட எல்லார் உடம்புலயும் இருக்குமாம். பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்து ஒட்டிக்கும், அப்புறம் போகவே போகாதாம். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு இருந்திருக்கும்னாரு டாக்டர். கட்டி முளைக்க வருஷக்கணக்கா ஆகுமாம். உன் காய்ச்சல் போன வருஷம்தானே வந்தது.”

“அப்ப எனக்கு யாரு கொடுத்தா?”

அப்பா கையிலிருந்த ரப்பரைப் பார்த்தார். “நானே கொடுத்திருக்கலாம்.”

இத்தனை நாள் அவருக்காகப் பயந்தவளின் கை, தன் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

“அப்ப எனக்கும் கட்டி வருமா?”

“அடச்சீ, வாயைக் கழுவு. எல்லார்கிட்டயும் இருக்குன்னேனே, எல்லாருக்குமா கட்டி வருது? ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். வேற ஏதேதோ கூடச் சேரணுமாம்.”

“வேற என்ன?”

“பரம்பரைன்னாரு. சிகரெட்டுன்னாரு, அதை நான் தொட்டதே இல்ல. இன்னும் ஏதோ சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“அவரு இந்தச் செவிட்டுக் காதுப் பக்கம் உக்காந்திருந்தாருடி. பாதி விழல. மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தான் கொடுக்கவில்லை என்பது வரைக்கும் புரிந்தது. ஊருக்கெல்லாம் இருப்பது இவரை மட்டும் ஏன் பிடித்தது என்பதுதான் எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கியது. இத்தனை நாள் குற்றம் சொல்லித் திட்ட அவளுக்கு அவளேயாவது இருந்தாள். இப்போது அதுவும் இல்லை.

“அடுத்த தடவை நானும் வரேன். நான் கேக்கறேன்.”

“வா. எனக்கும் சேர்த்துக் கேளு.” அப்பா தீயைக் கூட்டினார். “நான் என்னமோ, என் வாய் நாத்தத்துக்குத்தான் நீ விலகி ஓடறன்னு நெனச்சேன்.”

“நாத்தம் இல்லாம இல்ல.”

“கொழுப்பு!”

கண்ணாடி சிவந்து தளர்ந்தது. பீப்பி ரப்பரை வாங்கி, கையிலேயே வைத்திருந்தாள். “ஊதலாமாப்பா?”

“தெரியலயே. ரெண்டு பேர்கிட்டயும்தான் இருக்கே, இனிமே புதுசா என்ன வந்துடப்போகுது? சீக்கிரம், சப்பையாகுது பாரு!”

பதறி ஓங்கி ஊதிவிட்டாள். வளைவு பலூன் மாதிரி உப்பி, பட்டென்று உடைந்தது.

“மெதுவா, கழுதை,” என்று அப்பா அடுத்த குழாயை எடுத்தார்.