பாறைக்குக் கீழே மதியச் சாப்பாடு

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. நான் படித்த நிலவியல் துறையின் நடைபாதையில் அது மாட்டியிருந்தது. கடலோரச் சுண்ணாம்புப் பாறையின் அடியில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒரு பெண் மட்டும் கேமராவைப் பார்க்காமல் அண்ணாந்து நிற்கிறாள். பறவையைப் பார்த்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடந்து போகும்போதெல்லாம், 'என்ன பார்த்தே, சொல்லித் தொலையேன்' என்று மனசுக்குள் கேட்பேன். பதில் வராததால் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக இருந்தது. ஆனால் பாறையோ—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கே இன்னும் தெரியாது.

இரண்டாவது: "சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்லக் கரையும். மேலே புல் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது." இது பாடப்புத்தகம். ஆனாலும் இருக்கட்டும். அந்த நிலத்தில் காலை நம்பி வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, அவளிடமிருந்தே.

3

அவள் ஆய்வு மாணவி. களப்பயணத்தில் அவள் வேலை வரிசையின் கடைசியில் நடந்து, யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது. கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை. எல்லோருடைய முதுகையும் அவள் பார்க்கலாம், அவள் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அன்று காலை, குழிகள் நிறைந்த மேட்டுநிலத்தில் தரையைச் சுத்தியலால் தட்டினாள். காலிப் பானை போல ஒலித்தது. முன்னால் ஓடிப்போய், அந்த மேடு முழுக்க அடியில் குடைந்திருக்கலாம் என்று பேராசிரியரிடம் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் மொத்தக் கூட்டத்தையும் முட்புதருக்குள் சுற்றி நடக்கவைத்தார். பிறகு தான் மட்டும் திரும்பிப் போய், அந்த இடத்தைச் சுத்தியல் முனையால் நெம்பினார். பெயர்ந்து கிடந்த ஒரு பலகைக்கல். அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அவ்வளவுதான். தரையோடு ஒட்டாத கல் அப்படித்தான் ஒலிக்கும். தட்டும் முன்பு அதைப் பார்க்க வேண்டும் என்று முதலாண்டிலேயே சொல்லித்தருவார்கள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் நல்லாப் பசி எடுக்கும்" என்றார். கூட்டம் சிரித்தது. முள் கீறிய கையைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி பெயரும் வைத்துவிட்டாள்: அபாயம் அக்கா.

(பேராசிரியரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. அடித்துவிட்டேன். நல்லவரிடம்தான் இரண்டாம் முறை போய் நிற்பது கஷ்டம்.)

4

மதியம் கடலோரத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் பாறைச் சரிவில் கீழே இறங்கிவிட்டார்கள். கடைசியாக வந்தவள் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வெடிப்பைப் பார்த்தாள். விளிம்பை ஒட்டியே நீளமாக ஓடியது. வெயிலும் மழையும் பட்ட சுண்ணாம்புக்கல் சாம்பல் நிறமாகிவிடும். இதன் உட்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அறுந்த புல்வேர்கள் இன்னும் காயவில்லை.

புதுசு.

அவசரமாக இறங்கினாள். அடிவாரத்தை அலை அரித்துத் தின்றிருந்தது. மேல்பாறை கூரை போலத் துருத்திக்கொண்டு நல்ல நிழல் தந்தது. அந்த நிழலில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, அபாயம் அக்கா. இங்க உக்காந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான். கேலிதான், கொஞ்சம் பாசமும் இருந்தது. அவள் சிரித்தாள். சிரித்ததற்காகத் தன்னையே

(இந்த வாக்கியம் முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சொல்கிறாள். எல்லோரும் நகர்கிறார்கள். பாறை விழுகிறது. காலையில் சிரித்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்ற அத்தனை பெரிய பாறையைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

சொல்கிறாள். எல்லோரும் வெயிலில் வியர்த்து வழிந்து சாப்பிடுகிறார்கள். பாறை அப்படியே நிற்கிறது. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அதே பேச்சு.

வாயே திறக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நிஜத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.*

வாயே திறக்கவில்லை. ஒருவன் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிகிறான். மேலிருந்து முதலில் கொஞ்சம் மண் மட்டும்

இல்லை. இதை எழுத மாட்டேன்.

* அப்படிப்பட்ட பாறை இப்போதே விழலாம், அவள் பேரன் பேத்தி காலத்திலும் விழலாம். அதற்கு நம்முடைய சாப்பாட்டு நேரம் தெரியாது.

6

அங்கே நின்றபோது அவள் ஒன்று வேண்டிக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்ததல்ல, தானாக வந்தது. ஒரு சின்னத் துண்டாவது விழட்டும். யார் மேலும் படாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி. என்ன வேண்டிக்கொண்டோம் என்று உறைத்ததும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. நேராகப் பேராசிரியரிடம் போனாள்.

"சார், எல்லாரும் இங்கேருந்து எழுந்திருக்கணும்."

அவர் நிமிர்ந்தார். "ஏம்மா?"

"மேல வெடிப்பு இருக்கு சார். புதுசு. உள்ள வெள்ளையா இருக்கு."

பின்னால் யாரோ, "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்றார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நிச்சயமாத் தெரியுமாம்மா?"

'தெரியும்' என்று சொல்லவைத்துப் பார்த்தேன். அவள் வாயில் அது நிற்கவில்லை.

"தெரியாது சார். விழாமலும் போகலாம். எழுந்திருக்கச் சொல்லுங்க."

7

இங்கே நிறுத்துகிறேன். பாறை விழுந்ததா என்று கேட்காதீர்கள். விழுந்தது என்றால் கெட்டிக்காரி என்பீர்கள், விழவில்லை என்றால் அபாயம் அக்கா என்பீர்கள். அவள் சொன்னது சொன்னபோதே சரி. அதற்குப் பாறை வந்து சாட்சி சொல்ல வேண்டாம்.

பேராசிரியர் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி மேல்பாறையைப் பார்க்கிறார். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நீங்களும் அவர்களோடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, நிழல் சுகமாக இருக்கிறது, பொட்டலம் பாதி பிரித்தாயிற்று.

யாராவது ஒருவர் முதலில் எழுந்தால் போதும்.