சோதனை அழைப்பு

லிஃப்ட்டுக்குள் மணி படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் மணி அடிக்கும், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். விடாமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் இன்னொன்றும் நடக்கும். பொத்தான் பலகைக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி தானாகவே போன் போடும். எங்கள் லிஃப்ட் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் யாராவது எடுப்பார்கள். அந்த அறை வேறொரு நாட்டில் இருக்கிறது. அங்கே பேச்செல்லாம் இங்கிலீஷ்தான்.

பராமரிப்புக்குப் போகும் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் இந்தப் பெட்டியைச் சோதிக்க வேண்டும். கட்டட எண், லிஃப்ட் எண் சொல்லிவிட்டு, "திஸ் இஸ் எ டெஸ்ட் கால். நோபடி இஸ் ட்ராப்டு" என்று முடிக்க வேண்டும். இது சோதனை அழைப்பு, உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நான் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், அந்த அழைப்பிலேயே குடியிருப்பார்.

"பொண்ணு பாக்கப் போன மாதிரி என்ன மாமா பேச்சு? கீழ வாட்ச்மேன் கத்துறான்."

"இரு மாப்ளே. அங்க மழையாம். இங்க வெயில்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

அவருடைய மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். ஒரு மகள் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவன் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கமும், அந்தப் பக்கப் பேச்சை இந்தப் பக்கமும் மாற்றிச் சொல்வான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சாலை விபத்தில் போய்விட்டான். மருமகள் நல்லவள், ஞாயிறு அழைப்பை நிறுத்தவில்லை. ஆனால் நடுவில் ஆள் இல்லை. பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு அதில் ஒரு வார்த்தையும் வராது. மாமாவின் இங்கிலீஷ் போனால் பேத்தியும் போய்விடுவாள்.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. இளவயதில் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். கப்பலில் பல நாட்டு ஆட்கள், திட்டுவதுகூட இங்கிலீஷில்தானாம். கரைக்கு வந்தபிறகு பேச ஆளில்லை. இப்போதும் கேட்டால் புரியும், படித்தால் புரியும், வாயைத் திறந்தால்தான் நின்றுவிடும். இது ஏன் என்று எனக்கு எங்கள் தொழிலை வைத்துத்தான் விளங்கியது. மாதக்கணக்கில் ஓடாத லிஃப்ட்டை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் உறுமும், லிஃப்ட் அசையாது. மோட்டாரில் கோளாறு இருக்காது. சும்மா கிடந்த ஈரத்தில் பிரேக் கட்டை சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஓட்டிக்கொண்டிருந்தால் ஒட்டாது.

அவர் ஓட்டிப் பார்க்காத வழியில்லை. கண்ணாடி முன் பேசினார். அது திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. போனில் ஒரு ஆப் போட்டார். அது என்ன உளறினாலும் 'பிரமாதம்' என்றது. எதிராளியின் கேள்விக்கு அந்தக் கணத்தில் பதில் தேடுகிற வேலை இருக்கிறதே, அது ஆளோடு பேசினால்தான் நடக்கும். அப்படி ஆள் கிடைத்த ஒரே இடம் அந்த மஞ்சள் பொத்தான்தான். பெரும்பாலும் ஒரே பெண்தான் எடுப்பாள். "பேத்தி எப்படி இருக்கிறாள்?" என்று அவளும் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் சொல்லவேண்டியதை மாமா வெள்ளிக்கிழமையே அவளிடம் சொல்லிப் பார்த்துவிடுவார்.

ஒருமுறை பேத்தி திடீரென்று என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க, தடுமாறி, பழக்கதோஷத்தில் "திஸ் இஸ் எ டெஸ்ட் கால்" என்று ஆரம்பித்துவிட்டார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. மாமாவும் சிரித்தார். மகன் போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கம்பெனி எல்லா லிஃப்ட்டிலும் அந்தப் போன் பெட்டியை மாற்றியது. புதிய பெட்டி தானாகவே கூப்பிட்டு, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லிவிடும். மெக்கானிக் வாய் திறக்க வேண்டியதே இல்லை. நல்ல ஏற்பாடுதான்; என் வேலை குறைந்தது. மாமா இரண்டொரு தடவை பொத்தானை அழுத்திப் பார்த்தார். சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார்.

"ஏண்ணே, ஆள் மாட்டலைன்னா எதுக்கு அழுத்துறீங்க? கன்ட்ரோல் ரூம்ல என்னைக் குடையுறாங்க."

"ஒரு நிமிஷப் பேச்சு தம்பி."

"வீட்ல போய்ப் பேசுங்கண்ணே."

மழைக்காலம் முடிவதற்குள் மாமாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஞாயிறுகளில் "ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்" தாண்டி நகரவில்லை.

கடைசியாக நான் பார்த்த ஞாயிறு இது. பேத்தி திரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். அப்பா சின்னப் பிள்ளையில் என்ன சேட்டை பண்ணுவார் என்று கேட்டாள். மாமாவின் முகம் மலர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"யுவர் டாடி... குட் பாய்."

பேத்தி காத்திருந்தாள்.

"வெரி குட் பாய்."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா கையைக் காட்டி, இரு என்று சைகை செய்துவிட்டு, தமிழில் இறங்கினார்.

"உங்கப்பன் இருக்கானே, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு ஒரு நாள் தண்ணி டேங்க் மேல ஏறி உக்காந்துட்டான் கண்ணு. தெருவே கூடிப்போச்சு. எறங்குடான்னா, லீவு விடுங்க எறங்குறேங்குறான்..."

ஏறுவதைக் கையால் நடித்துக் காட்டினார். பேத்தி கைகளைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நாற்காலியிலிருந்து மெல்லச் சறுக்கி இறங்கிப் போனாள். மருமகள் மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ சொன்னாள், திரை அணைந்தது. மாமா நிறுத்தவில்லை. அணைந்த திரையிடம் சொல்லிக்கொண்டே போனார்.

சமையலறையிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். மகன் போனபின் அவன் பேச்சையே யாரும் எடுக்காத வீடு அது.

"டேங்க் மேல இல்ல. பக்கத்து வீட்டு மாமரத்துல. டேங்க்ல ஏறினது அடுத்த வருஷம்."

"எனக்கு டேங்க்னுதான் ஞாபகம்."

"உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? நான் போன்ல சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். ரெண்டு தடவையும் நீங்க கப்பல்ல இருந்தீங்க."

மாமா அணைந்த திரையிலிருந்து அக்கா பக்கம் திரும்பினார். பேத்தி பதில் கிடைக்காமல் விட்டுப்போன கேள்வியை, தமிழில், அக்காவிடம் கேட்டார்.

"வேற என்ன சேட்டை பண்ணுவான்?"