கற்பூரக் கரி

ஜூலை இரண்டாயிரம். ஆட்சியைக் கவிழ்த்து இரண்டு மாதமாகியும் ஃபிஜித் தலைநகர் சுவாவில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர் தேவேந்திரா மாஸ்டர் வெள்ளிக்கிழமை பிரிஸ்பேனுக்குக் குடிபோகிறார். போகுமுன் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடப் போகிறாராம். பதினோரு வருடம் அங்கே உதவியாளராக இருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது சாயத்தால் இயங்கும் சூரிய மின்கலம். ஒரு கண்ணாடியில் வெள்ளைப் பொடியைப் பூசிச் செம்பருத்திச் சாற்றில் ஊறவைப்போம். எதிர்க் கண்ணாடியில் பிளாட்டினம், நடுவே அயோடின் கரைசல். வெயில் பட்டால் மின்சாரம். பிளாட்டினம் அனுப்பும் வெளிநாட்டுக் கம்பெனி, கலவரம் அடங்கட்டும் என்று கையை விரித்துவிட்டது.

“பிளாட்டினம் இல்லாம என்னம்மா உர்மிளா? மூடிடலாம்,” என்றார் மாஸ்டர்.

“கரி போதும் மாஸ்டர். வேலை செஞ்சா ரூம் சாவி எங்கிட்ட. அச்சா?”

“அச்சா, அச்சா,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சமபுலாவில் எங்கள் வீட்டுச் சாமி படத்தின் முன் கற்பூரம் ஏற்றி, மேலே தட்டைப் பிடித்துக் கரி சேர்த்தேன். அம்மா கண்மைக்குச் செய்வதுபோலவே தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துக் கண்ணாடியில் தீட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. புதன்கிழமை வெயிலில் வைத்தால் மீட்டரின் முள் அசையவே இல்லை.

ஆத்திரத்தில் துடைக்கப் போனபோதுதான் விரல் வழுக்கியது. எண்ணெய்! மின்சாரம் அதைத் தாண்டி எப்படிப் போகும்? பதினோரு வருட அனுபவசாலி, மின்கலத்துக்கு மை தீட்டியிருக்கிறேன். என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன்.

வியாழன் காலை எண்ணெயைத் தொடவில்லை. புதுக் கண்ணாடிகளையே சுடருக்கு மேல் பிடித்துக் கறுக்கவிட்டேன். நான்கு மின்கலங்களைக் கோத்து, பேட்டரி கழற்றிய கால்குலேட்டரில் இணைத்து, மாஸ்டரை ஜன்னலுக்கு அழைத்தேன். மேகம் விலகியதும் திரையில் ஒரு சைபர் தெரிந்தது. வாழ்க்கையில் எந்த எண்ணும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை. மாஸ்டர் ஏழையும் எட்டையும் கூட்டிப் பார்த்தார். பதினைந்து வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சொன்ன சொல் தவறாமல், ஆய்வுக்கூடத்தை என் பொறுப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவியைத் தந்தார். பிறகு தயங்கினார்.

“இந்த மின்கலத்துல ஒண்ணு குடும்மா. பிரிஸ்பேன்ல காட்டறேன்.”

எண்ணெய் தீட்டிய கண்ணாடியைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

“இது வேலை செய்யாததாச்சே!”

“வேலை செய்யறது இங்கதான் இருக்கும் மாஸ்டர்,” என்றேன்.