சிவப்புப் பூவும் மூன்றாம் குரூப்பும்

வெள்ளைத்துரைக்குக் கணக்கு வராது. அது அவனுக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தே தொண்டை வறண்டுபோன வாத்தியாருக்குத் தெரியும், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் கணக்குக்கு நேராக முப்பத்தேழு என்று எழுதிய புண்ணியவானுக்கும் தெரியும். அதே பக்கத்தில் சரித்திரத்துக்கு எண்பத்துநாலு என்று இருந்தது. ஆனால் சோழவந்தானைத் தாண்டி இருந்த அவன் ஊரில், அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்கத் தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான். எனவே பையன் மதுரைக் காலேஜில் கணக்குப் படித்து ஓவர்சியர் ஆகப்போகிறான் என்று ஊரே கூடி முடிவுகட்டிவிட்டது.

டாக்டர் வேண்டாம், வக்கீல் வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது ஓவர்சியர். அதற்குக் காரணம் உண்டு. பெரியாற்றுத் தண்ணீர் கிளைவாய்க்காலில் இறங்கி, மேலே இருக்கிற ஊர்களெல்லாம் ஆசை தீரப் பாய்ச்சிக்கொண்டு, மிச்சம் மீதி இருந்தால்தான் கடைமடையில் இருந்த இவர்கள் வயலுக்கு வரும். மிச்சம் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. மதகைத் திறப்பதும் மூடுவதும் ஓவர்சியர் கையில் இருந்தது. அவரைப் பார்க்கப் போனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேப்பரைப் புரட்டுவார், தலை நிமிரமாட்டார்.

"மாப்ள, ஒரு நாலஞ்சு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிரு. அப்பறம் நீ மதகத் தூக்குற, நாங்க ரெண்டு போகம் நடுறோம்" என்றார் தாய்மாமன் கண்ணுச்சாமி. அவர் பேசினால் காரியம் பாதி முடிந்த மாதிரியே இருக்கும். மீதிப் பாதியை மட்டும் யாராவது செய்யவேண்டும்.

அப்பா சோணை வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் களத்துமேட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெள்ளைத்துரை, "அய்யா, எனக்குச் சரித்திரம் படிக்கணும்னு இருக்கு" என்று சொல்லிவிட்டான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. சோணை அவனை ஏற இறங்கப் பார்த்து, "பாப்பம்" என்றார்.

பாப்பம் என்றால் கருப்புசாமியைக் கேட்கப்போகிறார் என்று அர்த்தம். மாடு வாங்குவது, கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, எதுவானாலும் சோணை பூப்போட்டுப் பார்க்காமல் செய்தவரில்லை. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி முன்னால் போடுவார்கள். எந்தப் பூவுக்கு என்ன பதில் என்று கேட்கிறவர் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். பூசாரியின் சின்ன மகள் தங்கப்பொண்ணு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பாள். என்ன கேட்டோம் என்பதை மட்டும் காரியம் முடிகிறவரைக்கும் வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் வாக்கு கெட்டுப்போகும். பக்கத்தில் இருக்கிறவர்களும் கேட்கக்கூடாது.

கேட்கக்கூடாதுதான். ஆனால் கண்ணுச்சாமிக்குக் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிடுமே! முதல் நாள் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே மருமகன் காதில் போட்டார்: "நாளைக்கு மச்சான் கேக்கப்போறாரு. செவப்பு வந்தாக் கணக்கு. வெள்ளை வந்தா ஒஞ் சரித்திரம்."

மறுநாள் காலை சோணை கோயிலிலிருந்து நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். "செவப்பு வந்துருச்சு. போய்ச் சேருடா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. மனுசன் சொன்னால் கெஞ்சிப் பார்க்கலாம், அழுது பார்க்கலாம். கருப்பிடம் யார் போய்ப் பேசுவது? சரிங்கய்யா என்று வெள்ளைத்துரை தலையாட்டிவிட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான்.

இதெல்லாம் 1938ஆம் வருஷம் ஜூன் மாதத்துச் சமாசாரம். அப்போது காலேஜில் முதல் இரண்டு வருஷம் இண்டர்மீடியட். இங்கிலீஷும் தமிழும் எல்லாருக்கும் பொது, அதற்குமேல் ஒரு குரூப்பு எடுத்தாகவேண்டும். கணக்கு, பௌதிகம், ரசாயனம் முதல் குரூப்பு. தர்க்கமும் இரண்டு சரித்திரமும் மூன்றாம் குரூப்பு. எடுக்கிற குரூப்பைப் பொறுத்துத்தான் பிற்பாடு பி.ஏ.வும் பிழைப்பும்.

பிரின்சிபால் அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "எண்பத்துநாலு வாங்கின பாடத்தை விட்டுட்டு முப்பத்தேழு வாங்கினதையா எடுக்கிறே?"

"உத்தரவு ஆயிருச்சுங்க சார்."

யார் உத்தரவு என்று அவர் கேட்கவில்லை. தினம் நாலு தகப்பன்மார்களைப் பார்க்கிறவர். "பதினைந்து நாள் தவணை. அதற்குள் தகப்பனாரோடு வந்தால் குரூப்பை மாற்றித் தருவேன். அதற்கப்புறம் நானே நினைத்தாலும் முடியாது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பதினைந்து நாளில் வெள்ளைத்துரை பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. கணக்குப் புரொபசர் போர்டில் எழுதிக்கொண்டே போவார், முன்வரிசையில் இருக்கிறவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். இவன் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருப்பான். ஹாஸ்டலில் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தான். பரீட்சையில் தவறி, பெட்டியோடு ஊர்த் தெருவில் நடந்துபோவதை நினைத்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்கு வந்தவன் தோற்றுப்போனால், அடுத்து ஒரு பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

இங்கிலீஷ் வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் சிக்கந்தர் உட்காருவான். காஜிமார் தெருவுக்குப் பக்கத்தில் அவன் அத்தாவுக்கு வளையல் கடை. மூன்றாம் குரூப்புக்குக் காலையில் பத்தரைக்குத்தான் வகுப்பு, அதற்குள் கடை திறந்து வைத்துவிடலாம் என்பதற்காகவே அதில் சேர்ந்தவன். சேர்ந்தபிறகு தர்க்கம் அவனுக்குப் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. பார்க்கிறதையெல்லாம் மூன்று வரியாக்கிச் சொல்லுவான்.

"மாப்ள, கடைமடைக்கெல்லாம் தண்ணி வராது. ஒங்க வயலு கடைமடை. ஆகவே ஒங்க வயலுக்குத் தண்ணி வராது. எப்புடி?"

"இதுக்கு எதுக்குடா காலேஜு? எங்க ஊரு மாட்டுக்கே தெரியும்."

"இரு இரு. அந்த மொத வரி சரியான்னு கேளு, அங்கதான் இருக்கு சூட்சுமம். மொத வரி தப்புன்னா மொத்தமும் போச்சு. கடைமடைக்கு ஏன் வராது? யாரு சொன்னா?"

வெள்ளைத்துரை சிரித்துவிட்டான். பத்து நாளில் அன்றைக்குத்தான் சிரித்தான். சிரித்த கையோடு துக்கமும் பொங்கிவிட்டது. மாமரத்தடியில் உட்கார்ந்து பூப்போட்ட கதையை ஒன்றுவிடாமல் சொல்லிமுடித்தான்.

சிக்கந்தர் கேலி செய்யவில்லை. அவர்கள் வீட்டிலும் தர்காவுக்குப் போய் ஓதிவிட்டுத்தான் எதையும் தொடங்குவார்கள். கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"செவப்பு வந்துச்சு, சரி. செவப்புன்னாக் கணக்குன்னு யாரு சொன்னா?"

"மாமன்."

"மாமன்கிட்ட யாரு சொன்னா? ஒங்க அய்யாவா?"

"அய்யா சொல்லக்கூடாதே. காரியம் முடியிற வரைக்கும் வாயே தொறக்கக்கூடாது."

"அப்ப ஒனக்கு மொத வரியே தெரியாது மாப்ள!" சிக்கந்தர் துள்ளி எழுந்தான். "செவப்புக்கு என்ன அர்த்தம்னு ஒங்க அய்யாவுக்கும் சாமிக்கும்தான் தெரியும். நீ பாட்டுக்குக் கணக்குல போயி விழுந்து கெடக்க. கெளம்பு, போயிக் கேளு."

"கேக்கக்கூடாதுடா."

"காலேஜுல சேந்தாச்சுல்ல? காரியம் முடிஞ்சிருச்சு. இனிமே கேக்கலாம்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தவணை திங்கட்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை காலை ரயிலில் வெள்ளைத்துரை கிளம்பிவிட்டான். வழியெல்லாம் அவனுக்குப் பயம். அப்பா, கணக்கைத்தான்டா கேட்டேன் என்று சொல்லிவிட்டால்? இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றான்.

சோணை தண்ணீர் வராத வாய்க்காலில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். வந்தாலும் வரும் என்று வருஷாவருஷம் செதுக்குகிற ஆள் அவர்.

"என்னடா, லீவா? மேலுக்குச் சொகமில்லையா? என்ன இம்புட்டு எளைச்சுப்போயிருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன். அய்யா, நான் சேந்தாச்சு. காரியம் முடிஞ்சிருச்சுல்ல? கருப்புகிட்ட என்ன கேட்டீக?"

சோணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். முடிந்துவிட்டதுதான் என்று அவருக்கே திருப்தியான பிறகு சொன்னார்.

"அந்தப் பாடத்துப் பேரெல்லாம் எனக்கு வாயில வரல. கருப்புக்கும் வெளங்கணும்ல? அதான் சுருக்கமாக் கேட்டேன். பெய ஆசைப்படுறதப் படிக்கட்டும்னா செவப்பக் குடு, நாங்க சொல்றதப் படிக்கட்டும்னா வெள்ளையக் குடுன்னு கேட்டேன்."

வெள்ளைத்துரை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அதுக்கு ஏன்டா அழுவுற? நீ கேட்ட சரித்திரத்துலதான சேந்துருக்க?"

"இல்லய்யா. கணக்குல."

"கூறுகெட்ட பயலே! சாமி உத்தரவு குடுத்துருச்சு, அத மீறிட்டு வந்து நிக்கிறயா?"

"மாமன்தான், செவப்புன்னாக் கணக்குன்னு..."

"ஏன், கருப்பு கண்ணுச்சாமி கனவுல வந்து சொல்லுச்சாக்கும்?" என்று சொல்லி சோணையும் சிரித்துவிட்டார். பிறகு அவரும் வரப்பில் உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு ஓவர்சியர் ஆசை இல்லையாய்யா?"

"ஆசை இல்லாமயா? எல்லாரையும் விட எனக்குத்தான் ஆசை. அதனாலதான் கேட்டேன். ஆசை இல்லாட்டி நான் ஏன்டா சாமிகிட்டப் போறேன்?" என்றார் சோணை. சொல்லும்போது காய்ந்த வாய்க்காலைத்தான் பார்த்தார்.

வெள்ளைத்துரைக்கு அந்த நிமிஷம் அப்பாவைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அவர்கள் வீட்டில் அப்படியெல்லாம் பழக்கமில்லை. மண்வெட்டியை வாங்கி மிச்சப் புல்லை அவன் செதுக்கினான். மத்தியானம் வீட்டில் மூன்று வட்டில் கஞ்சி குடித்தான்.

கண்ணுச்சாமிக்கு விஷயம் தெரிந்ததும், "நான் அப்பவே நெனச்சேன் மாப்ள, சரித்திரந்தான் ஒனக்குத் தோது" என்றார்.

திங்கட்கிழமை சோணை வெளுத்த வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பிரின்சிபால் அறையில் நின்றார். உட்காருங்கள் என்று அவர் சொன்னது தனக்குத்தான் என்று சோணைக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிரின்சிபால் புது விண்ணப்பப் பாரத்தையும் மைப்பெட்டியையும் அவர் பக்கம் தள்ளியதுதான் தாமதம், கட்டைவிரலை மையில் ஒற்றிப் பாரத்தின் அடியில் அழுத்தமாக வைத்துவிட்டார்.

"அடடா, எந்தக் குரூப்புன்னு இன்னும் எழுதவே இல்லையே" என்று பிரின்சிபால் பதறினார். "எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, அப்புறமல்லவா ரேகை வைக்கணும்?"

"அத அவன் எழுதிக்கிருவான் சாமி" என்றார் சோணை, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே. "கேக்கவேண்டிய எடத்துல நான் கேட்டாச்சு."

பிரின்சிபால் பேனாவை வெள்ளைத்துரையிடம் கொடுத்தார். ஈரம் காயாத அந்தக் கைரேகைக்கு மேலே, கை படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் மூன்றாம் குரூப்பு என்று எழுதினான்.