மேஸ்திரியின் முட்டி

கல் பதிக்கும் மேஸ்திரிக்கு இரண்டு முட்டியும் சேர்ந்து காலை வாரிவிட்டிருந்தன. உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். காலையில் கிளம்பும்போதே மனைவி மறித்துச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ கல்லு வேலைய ஒத்துக்கிட்டு வந்தா, தைலத்த நீயே தேச்சுக்க."

அதனால், வேலை பேசப் போன வீட்டில், கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை தரைக்கு என்ன போடலாம் என்று வீட்டுக்காரம்மா கேட்டதும், மேஸ்திரி கான்கிரீட் கட்சியில் சேர்ந்துவிட்டார். நின்றபடியே கொட்டி, நின்றபடியே நீளக் கட்டையால் இழுத்துவிட்டுப் போகலாம். முட்டி சங்கதியை மட்டும் வெளியே விடவில்லை. விட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும்.

அந்தம்மாவுக்கோ சின்னச் சின்னக் கல்லில்தான் கண். மேஸ்திரி அதைக் குறை சொல்ல ஆரம்பித்தார். இடுக்கில் புல் முளைக்கும் என்றார். பச்சைப்பசேலென்று இருக்குமே என்றாள். மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும் என்றார். செடிக்கு நல்லதாயிற்றே என்றாள். திட்டத் திட்டக் கல்லுக்கு மவுசு கூடியதுதான் மிச்சம்.

அவள் கணவருக்குப் பளபள கிரானைட் மேல் ஆசை. மாதிரிக்கு வந்த நீளக் கிரானைட் பலகையை வாசலில் போட்டு, மழைக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றி, தானே ஏறி நடந்தார். பாதிதான் நடந்தார். மீதியை வழுக்கிக்கொண்டே போய்ச் செடித்தொட்டியில் உட்கார்ந்தார்.

"இனிமே இந்த வீட்டுல கல்லுங்கற பேச்சே வேணாம்" என்றார், தொட்டியில் இருந்தபடியே.

மேஸ்திரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கான்கிரீட் கொட்டி, சமன்செய்து, ராஜா மாதிரி நிமிர்ந்து நிற்கையில் வீட்டுக்காரம்மா வந்தாள்.

"மேஸ்திரி, காயறதுக்குள்ள கல்லு பதிச்ச மாதிரி கோடு மட்டும் கீறிக் குடுத்துடுங்க. சின்னச் சின்னதா."

"எதுவரைக்கும்மா?"

"கேட்டு வரைக்கும்தான்."

கம்பு நுனியில் ஆணி கட்டி, நின்றபடியே கீறிப் பார்த்தார். கோடு குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் போலப் போயிற்று. அந்தம்மா பரவாயில்லை என்றாள். மேஸ்திரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதை அழித்துத் தேய்த்துவிட்டு, குறுக்கே பலகை போட்டு மண்டியிட்டார். பாதியில் எழவும் வழியில்லை, காய்ந்துவிடும்.

சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவரின் முட்டியில் ஒட்டியிருந்த சிமெண்டை மனைவி பார்த்தாள்.

"சத்தியமா கான்கிரீட்டுதான்" என்றார்.

அவள் தைலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.