விரல் அசையும்வரை

உடம்பைப் பாதியாகக் குறைத்த பிறகும் கைகள் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தோல் காலிப் பை மாதிரி தொங்கியது. பார்லரில் முடி வெட்டுவது அவள் தொழில். நாள் முழுக்கக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்கிற வேலை; எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை தங்கள் முடியை விட்டுவிட்டு, ஆடுகிற அந்தத் தோலுக்குப் போய்த் திரும்புவதை அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வெட்டுவாள். கடைசியில் வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டை என்று மாறிக்கொண்டாள். மடிப்புக்குள் வியர்த்து வியர்த்துப் புண்ணாகும்.

அதிகப்படித் தோலை வெட்டியெடுத்து இறுக்கித் தைத்துவிடலாம் என்று தெரிந்ததும் டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். "உனக்கு வேணும்னா செஞ்சுக்கோ. ஆனா நான் இப்ப இறங்க முடியாது. அக்காவ வந்து இருக்கச் சொல்றேன்" என்று போனில் சொன்னான். அறுவை சிகிச்சைக்குப் பயப்படாதவள், அக்கா வருகிறார் என்றதும் பயந்தாள்.

நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் வருகிற பிள்ளைகள் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேனில் இருக்கிற ஹாரனைவிட அவர் குரல்தான் முதலில் கேட்கும்.

"உடம்புல இருந்த கொழுப்பு போச்சு, இப்ப மனசுல ஏறிடுச்சாக்கும்!" என்றபடிதான் பையோடு வந்து இறங்கினார். "நல்லா இருக்கிற கையை யாராவது அறுக்கக் குடுப்பாங்களா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது, சொல்லிட்டேன்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்குளிலிருந்து முழங்கைவரை இரண்டு கையிலும் தையல்; அதன்மேல் கட்டு; கட்டின்மேல் மணிக்கட்டுவரை இறுக்கமான உறை. கையை மடக்கித் தலைவரை கொண்டுபோக முடியாது. நாத்தனார்தான் ஊட்டினார், பல் தேய்த்துவிட்டார், தலை வாரிப் பின்னினார். "வாயத் திற. என் வேன்ல வர்ற வாண்டுங்க உனக்குத் தேவல" என்று திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்தார்.

அடுத்த நாள் காலையில் கண் விழித்தபோது வலது கை வேறு யாருடையதோ போலக் கனத்தது. இடது கையில் இருந்த வலி புண்ணின் வலி, தாங்கிக்கொள்ளலாம். வலது கையில் இருந்தது உள்ளேயிருந்து எதுவோ ஊதிக்கொண்டே வருகிற வலி. உறைக்கு மேலே அக்குள் பக்கம் தோல் பளபளவென்று புடைத்திருந்தது. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

அவள் போர்வையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டாள். தையல் போட்டால் வீங்கத்தானே செய்யும் என்று தனக்கே சமாதானம் சொன்னாள். நாத்தனார் கஞ்சியோடு வந்தபோது சிரித்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் சரியில்ல அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் அவ்வளவு பயந்தாள். மதியத்துக்குள் எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. எறும்பும் இல்லை, விரலும் இல்லை. போர்வைக்குள் கட்டை விரலால் சுண்டு விரலைத் தொட்டுப் பார்த்தாள். கட்டை விரலுக்குத் தெரிந்தது. சுண்டு விரலுக்குத் தெரியவில்லை. கத்தரி பிடிக்கிற கை. கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள், கூப்பிடவில்லை.

வேன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரக் கிளம்பிய நாத்தனார், மாத்திரை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அறைக்குள் வந்தார். சாய்த்து உட்கார வைக்கும்போது போர்வை நழுவியது. நாத்தனாரின் கண் அந்த விரல்களில் நின்றது. நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் வெளுத்தே இருந்தது. சிவப்பு வரவே வெகுநேரம் பிடித்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. வாய் ஓயாத அந்த மனுஷி வாயடைத்து நிற்பது திட்டைவிடப் பயமாக இருந்தது.

"அண்ணி... ஏதாவது திட்டுங்களேன்."

"எந்திரி" என்றார் நாத்தனார். அவ்வளவுதான். போனில் இன்னொரு வேன் டிரைவரிடம், "என் பிள்ளைங்களையும் சேர்த்து நீயே ஏத்திக்கோ. ஏன்னு இப்ப கேக்காத" என்றார். அடுத்த அழைப்பு டாக்டருக்கு.

வேனின் நீள இருக்கையில் அவளைப் படுக்க வைத்துக் கையைப் பள்ளிப் பை ஒன்றின்மேல் உயர்த்தி வைத்தார். யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் தரையில் உருண்டு உருண்டு வந்து இடித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைக்குள் எதுவோ கிழிவதுபோல வலித்தது. ஹாரன் விடாமல் அலறியது. இந்த முறை வேனுடைய ஹாரன்தான்.

டாக்டர் கட்டைப் பிரித்த வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டியிருக்கு. உடனே திறந்து எடுக்கணும். எப்ப சாப்பிட்டீங்க?"

"மத்தியானம்" என்று நாத்தனார் சொன்னார்.

"அப்ப முழு மயக்கம் வேண்டாம். கையை மட்டும் மரத்துப்போக வைக்கிறோம். முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க."

முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் அவளுடைய கை. குழாய் உறிஞ்சுகிற சத்தமும், தட்டில் கத்தரி வைக்கிற சத்தமும் கேட்டன. வலி இல்லை, யாரோ மாவு பிசைவதுபோல ஓர் இழுப்பு மட்டும். விரலை ஆட்டச் சொல்லித் தன் கைக்கு மனத்துக்குள் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பதிலும் இல்லை.

"டாக்டர், என் விரல் இருக்கா?"

"இருக்கும்மா. கசிஞ்ச இடத்த அடைச்சாச்சு. இப்ப தையல் போடறோம்."

"அசையுமா?"

"மருந்து இறங்கினாத்தான் தெரியும். நரம்பு ரொம்ப நேரம் அழுந்தியிருக்கு. காலையிலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். கை தலையணைகளின்மேல் கிடந்தது. உள்ளங்கையில் இப்போது சூடு வந்திருந்தது, நகங்கள் சிவந்திருந்தன. ஆனால் விரல்கள் விரல்களைப் போல இல்லை. மருந்தா, நரம்பா? இந்த ஒரு கேள்வியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. இரண்டு கண்ணும் அந்த விரல்களில் இருக்க, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். கத்தரியின் வளையத்துக்குள் மோதிர விரல் நுழையாத ஒரு நாளை நினைத்துப் பார்த்தாள். கூடைக்குள் கிடக்கும் சீப்புகளை நினைத்தாள். தோல் தொங்கினால் தொங்கிவிட்டுப் போகட்டும், கையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவரும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்தே இருந்துச்சா?" என்று கேட்டார். குரல் எழும்பவேயில்லை.

"ம்."

"ஏன் சொல்லல?"

கேட்டவருக்கே பதில் புரிந்துவிட்டது. நாத்தனார் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. "அந்தளவுக்கா என்னப் பாத்தா பயம் உனக்கு?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கட்டை விரல் லேசாக மேலெழுந்தது. அவள் மனப்பிரமை என்றே நினைத்தாள். "இன்னொரு தடவ பண்ணு" என்று நாத்தனார் எழுந்தே விட்டார். கட்டை விரல் மறுபடி அசைந்தது. பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல். மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. நர்ஸ் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கொஞ்ச நாள் ஆகலாம்" என்றார். வெகுநேரம் கழித்து அந்த இரண்டும் ஒன்றாக ஒரு நூலளவு மடங்கின.

அதற்காகவே காத்திருந்ததுபோல நாத்தனார் ஆரம்பித்தார். "அறிவிருக்கா உனக்கு? வாய் எதுக்கு இருக்கு? கஞ்சி குடிக்கவா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். கண்ணீர் வழிய வழியத் திட்டினார். அவள் இரண்டு கையையும் தூக்க முடியாமல் படுத்தபடி, தானும் அழுதுகொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அந்த இரண்டு விரல்களிலும் பலம் திரும்ப மாதங்கள் ஆயின. அதுவரை நாத்தனார் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது அவள் அரைக்கைச் சட்டையில் பழையபடி வேலைக்குப் போகிறாள். தோல் தொங்குவதில்லை, அக்குளிலிருந்து முழங்கைவரை தழும்பு இருக்கிறது, வலது பக்கம் தடிப்பாக. வாடிக்கையாளர்களின் கண் இப்போது அதில் போய் நிற்கிறது. கேட்டால் சொல்கிறாள், பயந்ததையும் சேர்த்து. முன்கையின் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னமும் உணர்வு இல்லை. டிரையரின் அனல் அங்கே பட்டாலும் தெரியாது. அதனால் முடியை உலர்த்தும்போதெல்லாம் அந்த இடத்தின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே உலர்த்துகிறாள்.